மூன்றாவது இலை

இசாலே இலையைப் பசு தின்றுவிட்டது.

மனாசே பார்த்தபோது பாதி இலை வாய்க்குள் போயிருந்தது. வெளியே தொங்கிய பாதியில் ஒரு முடிச்சு தெரிந்தது. அந்த முடிச்சைக் கண்ட பிறகுதான் அது எந்த இலை என்று அவனுக்கு உறைத்தது. நுனியைப் பிடித்து இழுத்தான். பசு தலையை ஒருமுறை உதறியது. அவன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு துணுக்கு மிஞ்சியது. மற்றதை அது அவசரமில்லாமல் மென்று விழுங்கியது.

புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். தொழுவத்து வாசலில் ஒரு கட்டு மக்காச்சோளத் தட்டை கிடந்தது. அண்ணி போட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, வாழைநாரை அறுத்துப் பிரித்து, இரண்டு அள்ளு எடுத்துப் போட்டான். தட்டைக்குள் இலை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

அவர்கள் மலைக்கிராமமான உஷாரியில் ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையிலும் இசாலேச் செடி நிற்கிறது. வேலிக்கு அதுதான். வறட்சி முற்றினால் மாட்டுக்கும் அதுதான். ஆனால் ஒற்றை இலையைப் பறித்து, நடுவில் முடிச்சுப் போட்டு, ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன் பேச்சே வேறு. தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடு என்று பொருள். வாங்கிக்கொண்டால் மன்னித்தாயிற்று. மனம் வராதவர் மூன்று நாளைக்குள் அதைக் கொடுத்தவர் வீட்டு வாசலில் கட்டிவிட்டு வர வேண்டும். இரண்டு முறை அப்படித் திருப்பலாம். மூன்றாவது இலைதான் கடைசி. அதற்குமேல் கேட்கிறவருக்குக் கேட்க வழியில்லை. அதையும் திருப்பியவர் வீட்டுக்கு ஒருவரும் நெருப்புக்கூடக் கேட்டு வர மாட்டார்கள்.

மனாசே இரண்டு முறை திருப்பியிருந்தான். அந்த இரண்டு நாட்களில் மட்டும் அவனுக்கு நன்றாகப் பசித்தது. மற்ற நாட்களில் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

போன வருடம் இதே தட்டைக் காலத்தில் அவன் மனைவி ஆய்க்கா செத்துப்போனாள். ஊர் வண்டிக்காரன் ஓம்பேனியின் பிக்கப்பில் தட்டைக்கட்டுகளின் உச்சியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வந்தவள், மலைப்பாதையின் மூன்று அத்தி வளைவில் தன் கட்டு சரிந்து கீழே விழுந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். அவளுக்கு இருபத்தாறு வயது. போலீஸ் ஓம்பேனியை ஒன்பது நாள் வைத்திருந்து, அபராதம் போட்டு விட்டுவிட்டது. விட்டபின் அவன் ஊருக்கு ஏறி வரவில்லை. கீழ்க்காட்டில் மாமன் குடிசையில் தங்கிவிட்டான். பிக்கப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

உஷாரிக்காரர்கள் எல்லோருக்கும் வீடும் வாழையும் மலையில், மக்காச்சோளம் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே சமவெளியில். மாடு மேலே கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது. அதற்குத் தீனி கீழே இருக்கிறது. பூகோள வகுப்பில் மாவட்டத்தின் மக்களையும் பொருளாதாரத்தையும் பாடமாக நடத்தும்போது மனாசே கரும்பலகையில் மேலே காடு, நடுவில் வாழை, கீழே சமவெளி என்று மூன்று பட்டை போடுவான். கீழ்ப்பட்டையிலிருந்து தட்டை ஏறும். நடுவில் மாடு தின்னும். சாணி வாழைக்குப் போகும். வாழை மனிதர்களுக்குப் போகும். அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டுவான். காப்பி விலை விழுந்தபின் பால்தான் வருமானம் என்பதால், அந்த முதல் அம்புக்குறி அறுந்தால் மற்றது எல்லாம் அறுந்துபோகும் என்பது பரீட்சைக்கு எழுத வேண்டிய பதில்.

அந்த அம்புக்குறி ஓம்பேனியின் பிக்கப்தான். வேறு வண்டிக்காரன் எவனும் அந்த மண்பாதையில் ஏறச் சம்மதிக்கவில்லை. பதினோரு மாதமாக உஷாரிப் பெண்கள் தட்டையைத் தலையில் சுமந்து ஏறினார்கள்.

மனாசே துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தான். இரண்டு தோட்டம் தள்ளித்தான். அண்ணி சிஃபா வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டைக்கட்டு நீங்க போட்டீங்களா அண்ணி?"

"நானா? எனக்கே கழுத்து ஒடியுது. என் மாடு கத்தறது ஊர் முழுக்கக் கேக்குது. இதுல கொழுந்தனாருக்கு வேற சுமந்துட்டு வரணுமாக்கும்."

அவன் துணுக்கை எடுத்துக் காட்டினான். சிஃபா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாட்டு வாய்லேர்ந்து."

அவள் துணுக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. ஆனா தார் எஸ் சலாம் போயி நாலு வருஷம் படிச்சவர் யோசிச்சிட்டே இருந்தாரு, மாடு முந்திக்கிச்சு பாருங்க."

"நான் வாங்கல அண்ணி. கட்டுக்குள்ள வச்சிட்டுப் போனா அது கொடுத்ததா?"

"கையில கொடுத்தா வாங்க மாட்டீங்கன்னு ஓம்பேனி அம்மாவுக்குத் தெரியாதா? ரெண்டு தடவை பட்டவ." சிஃபா மறுபடி கத்தியை எடுத்தாள். "அவளுக்கு அம்பத்தஞ்சு வயசு. கீழக்காட்டிலேர்ந்து அந்தக் கட்டைத் தலைல வச்சு ஏறியிருக்கா. மத்தியானம் வழியில பாத்தேன். யாருக்கும்மா இதுன்னேன். பதில் சொல்லல. இப்பத்தானே தெரியுது."

"இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா? உங்க மாட்டைக் கேளுங்க."

சிரிப்பு போனபின் அவள் மெல்லச் சொன்னாள்: "ஆய்க்காவ உங்களுக்கு ரெண்டு வருஷந்தான் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடத்திலேர்ந்து தெரியும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். வாங்குன்னும் சொல்ல மாட்டேன், வாங்காதேன்னும் சொல்ல மாட்டேன். அந்த வாழைத்தாரை மட்டும் வெட்டுங்க. பழுத்துப் பழுத்து விழுது, வெளவால் திங்குது."

ஆய்க்காவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்து வாழை குலை தள்ளியிருந்தது. அதை அவன் வெட்டவில்லை. காரணம் எதுவும் இல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போவான். வேறு வாழையை வெட்டிக்கொண்டு வருவான்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சிஃபாவிடம் ஒன்றைச் சொல்வதும் சர்ச் மணியை அடிப்பதும் ஒன்றுதான். மனாசே கேனுடன் வரிசையில் நின்றான். பால் அளக்கிற கீவியா அவன் கேனைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"புளிச்சிருக்கா?" என்று மனாசே கேட்டான்.

"இல்ல வாத்தியாரே. மன்னிப்பு வாசம் அடிக்குதான்னு பாத்தேன்."

வரிசையில் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். அளவுக் கோலை விட்டுப் பார்த்துவிட்டு கீவியா, "நாலு லிட்டர். போன மாசம் ஆறு," என்றார். "உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் இறங்கிப்போச்சு."

பின்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்: "கையால வாங்கினாத்தான் வாங்கினது. மாடு தின்னதெல்லாம் கணக்கில்ல."

"ஏன் இல்ல? மாடு யாரு மாடு?" என்றார் கீவியா. "தின்னது சாணியாகும். சாணி வாழைக்குப் போகும். வாழைய யாரு திங்கறா? இவர்தானே. கொஞ்சம் சுத்தி வருது, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மனாசே சிரிக்கவில்லை. அவன் கரும்பலகையில் போடும் அம்புக்குறிகளைத்தான் கீவியா வாயால் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் படத்தில் ஆய்க்கா எங்கே இருக்கிறாள் என்று மனாசே ஒருமுறை வகுப்பின் நடுவில் யோசித்திருக்கிறான். வாழைக்குக் கீழே என்ற பதில் வந்தது. சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னான்.

"யாரும் உங்கள அவசரப்படுத்தல வாத்தியாரே," என்றார் கீவியா. சொல்லிவிட்டுக் கேனைக் கழுவினார். வரிசையில் நின்ற பெண்கள் அவரவர் கேனைப் பார்த்தார்கள். பிக்கப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினோரு மாதமாகவே ஒருவரும் திறந்ததில்லை. அவன் இலையைத் திருப்பிக்கொண்டிருக்கும்வரை ஓம்பேனியைக் கூப்பிட யாருக்கும் உரிமையில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் ஓம்பேனியின் அம்மா வேலியோரம் வந்து நின்றாள். உயரமான பெண். தலையில் துண்டு, கையில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை. இலை திரும்பி வராததால் வந்திருந்தாள். கூப்பிடவில்லை. அவன் பார்க்கும்வரை நின்றாள்.

மனாசே வெளியே வந்தான்.

"உக்காருங்க."

"நிக்கறேன் தம்பி."

"உள்ள இலை இருந்தது தெரியல. மாடு தின்னுடுச்சு."

"ஊர்ல சொன்னாங்க. உன் வாயால கேக்கணும்னு வந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "முழுசாவா?"

"ஒரு துணுக்கு மிச்சம்."

"முடிச்சு?"

"அது உள்ள போயிடுச்சு."

அவள் தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். பசு அவளைப் பார்த்து அசை போட்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு காரியத்தில் எங்கே பிசகியது என்று பார்க்கிறவளின் முகம்.

"மேல வச்சிருக்கணும்," என்றாள். "காத்துல பறந்துடும்னு உள்ள சொருகினேன். என் தப்புதான்."

"கையில குடுத்திருக்கலாம்."

"கையில குடுக்கத் தைரியமில்ல." அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "சரி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு சமாதான விருந்துக்கு ஆடு வெட்டறதா வேணாமா? அண்ணன் தம்பிங்கள்லாம் கேக்கறாங்க. வாழைக்கள்ளு ஊற வச்சாச்சு. நீ வாங்கிட்டேன்னா வெட்டணும். வாங்கலன்னா அந்தக் கள்ளைக் கொட்டிடணும். நடுவுல எதுவும் இல்ல. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு."

"இன்னொரு இலை..."

"கிடையாது. உனக்கே தெரியும்."

அவள் திரும்பினாள். மனாசேக்கு ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. அதுவரை தோன்றாத ஒரு கேள்வி.

"இலைய அனுப்பினது யாரு? அவனா?"

"நான்தான். மூணு தடவையும் நான்தான்."

"அவன் என்ன சொன்னான்?"

"வேணாம்னான்."

"வேணாம்னானா?"

"எனக்கும் புரியல தம்பி. பெத்தவளுக்கே புரியல." அவள் வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் மனாசே அதையே நினைத்தான். மன்னிப்பு வேண்டாம் என்கிறவனைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. இத்தனை நாள் அவன் கோபத்தில் எதிரே ஒருவன் கை நீட்டி நின்றுகொண்டிருந்தான். அப்படி யாரும் நிற்கவில்லை என்றால் அவன் எதைத் திருப்பினான்?

சனிக்கிழமை காலை பால் ஊற்றிவிட்டு, வீடு திரும்பாமல் நேரே கீழே இறங்கினான்.

அந்தப் பாதையில் அவன் பதினோரு மாதமாக இறங்கியதில்லை. பள்ளிக்கூடம் மேலே, சர்ச் மேலே. கீழே போக வேண்டிய வேலைகளை அண்ணன் பார்த்துக்கொண்டார். மூன்று அத்தி வளைவு வந்தது. மூன்று அத்தி மரங்கள் இருந்தன. பள்ளத்தின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. நின்று பார்த்தான். மனதில் எதுவும் எழவில்லை. கடந்து நடந்தான். வாழை முடிந்து, காப்பி முடிந்து, காற்று சூடாயிற்று. தார்ச்சாலையைத் தாண்டியதும் மரங்கள் நின்றுபோய் வெறும் மண். அறுத்த மக்காச்சோளக் காடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளுத்துக் கிடந்தன.

உஷாரிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தட்டை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிஃபாவும் இருந்தாள். அவனைப் பார்த்ததும் அரிவாளோடு நிமிர்ந்தாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வழி தவறி வந்துட்டாரா?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"பூகோள வாத்தியார்டி. அவருக்கு வழி தெரியும்," என்றாள் சிஃபா. பிறகு அவனிடம், கை காட்டாமல், கண்ணால் காட்டினாள். வேலமரத்தடி.

வேலமரத்தடியில் பிக்கப் நின்றது. ஒரு பக்கச் சக்கரத்தில் காற்றில்லை. அடியில் கோழிகள் மண்ணைக் கிளறின. ஓம்பேனி சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து யாருடைய கட்டையோ கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் மனாசேயின் வயதுதான். ஏழாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. மெலிந்திருந்தான். கட்டைச் சுற்றி ஒரு கயிறு, குறுக்கே ஒரு கயிறு, மறுபடி சுற்றி ஒரு கயிறு.

"அவன் கட்டற கட்டைப் பிரிக்கறதுக்குள்ள மாடு செத்துடும்," என்று தூரத்தில் ஒருத்தி சொல்வது கேட்டது.

ஓம்பேனி எழுந்து நின்றான். கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"வாங்க வாத்தியாரே."

அவன் வாயில் 'வாங்க' புதிதாக இருந்தது.

"உங்கம்மா இலை வச்சாங்க," என்றான் மனாசே.

"தெரியும். வேணாம்னேன். கேக்கல."

"மாடு தின்னுடுச்சு."

"கேள்விப்பட்டேன்." ஓம்பேனியின் உதடு லேசாக இழுபட்டது. உடனே நின்றது.

"ஏன் வேணாம்னே?"

ஓம்பேனி பிக்கப்பைப் பார்த்தான். "நீங்க வாங்கிட்டா நான் வண்டி எடுக்கணும். மேல எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க திருப்பற வரைக்கும் என்னை யாரும் கேக்க முடியாது. எனக்கு அது சரியா இருந்துச்சு."

மனாசே உட்கார்ந்தான். நிற்க வேண்டிய காரணம் போய்விட்டது போலிருந்தது. தண்டனை என்று நினைத்து அவன் கொடுத்தது இவனுக்கு நிழலாக இருந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து அந்த வண்டியை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் கனத்தை அந்தப் பெண்கள் கழுத்தில் சுமந்திருக்கிறார்கள்.

ஓம்பேனியும் உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளி.

"ஒண்ணு சொல்லணும்," என்றான். "போலீஸ்லயும் சொல்லல, அம்மாகிட்டயும் சொல்லல. சொன்னா போனவங்க மேல பழி போடற மாதிரி ஆயிடும்."

"சொல்லு."

"கயிறெல்லாம் கட்டி முடிச்சிட்டேன் அன்னிக்கு. அவங்க கடைசியா ஓடி வந்தாங்க, ஒரு கட்டைத் தூக்கிட்டு. இடமில்லன்னேன். மாடு கன்னு போடப்போகுது, ஒரே ஒரு கட்டுன்னாங்க. கயிறை அவுத்தேன். வச்சேன். திரும்பக் கட்டறப்ப நேரமாயிடுச்சேன்னு ஒரு சுத்து குறைச்சிட்டேன்." அவன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "ஒரு சுத்து."

காற்று தட்டைகளில் சலசலத்தது. ஓம்பேனி அடிக்கு நிற்கிறவன்போலத் தலை குனிந்திருந்தான்.

"ஓடியா வந்தா?" என்று மனாசே கேட்டான்.

ஓம்பேனிக்குப் புரியவில்லை. "என்ன?"

"ஓடி வந்தான்னு சொன்னியே. ஓடியா வந்தா?"

"ஆமா. அந்த வரப்பு மேல. செருப்பைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு. விழுந்துடுவாங்கன்னு எல்லாரும் கத்தினோம். சிரிச்சிக்கிட்டே ஓடி வந்தாங்க."

மனாசே அந்த வரப்பைப் பார்த்தான். நீளமான, வெடித்த வரப்பு. இடுப்பில் செருப்பு. அவனுக்கு அது தெரியாது. ஆய்க்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் மிச்சமில்லை என்று அவன் நினைத்திருந்தான். இருந்ததையெல்லாம் ஆயிரம் முறை எடுத்துப் பார்த்துத் தேய்ந்துபோயிருந்தது. இப்போது, பதினோரு மாதத்துக்குப் பிறகு, புதிதாக ஒன்று. அது இவனிடம் இருந்திருக்கிறது. கீழே, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில்.

"அப்புறம்?"

"அப்புறம் ஏறி உக்காந்தாங்க."

"வழியில ஏதாவது பேசினாளா?"

ஓம்பேனி அவனை நேராகப் பார்த்தான். முதல்முறையாக.

"கூரையத் தட்டினாங்க. தார் ரோட்டுக்கிட்ட. 'என்னடா, மாடா மேய்க்கற, வண்டிய ஓட்டுடா'ன்னாங்க. நான் வேகமா ஓட்டல, மனாசே. அதுக்கப்புறமும் ஓட்டல."

"தெரியும். அவ எல்லாரையும் அப்படித்தான் சொல்வா."

"அப்புறம் பாட்டு. மேல இருந்த பொம்பளைங்க எல்லாரும். அவங்க குரல் மட்டும் தனியாக் கேக்கும். சுருதியே சேராது."

"சேராது," என்றான் மனாசே.

ஓம்பேனி ஒரு தட்டையை எடுத்து நகத்தால் உரித்தான். அவசரமில்லாமல் உரித்தான்.

பெண்கள் கட்டுகளைத் தலையில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்திக்கு இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. சிஃபா குனிந்து, கட்டு தலையில் உட்கார்ந்ததும் முழங்காலில் கை ஊன்றி, மெல்ல நிமிர்ந்தாள். அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன. அவள் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

"உங்கம்மாவுக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்," என்றான் மனாசே.

"திருப்பிட்டேன்னு சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"வாங்கிட்டேன்னு சொல்லப்போறேன்."

ஓம்பேனி உரிப்பதை நிறுத்தினான். "உண்மையாவா?"

"தெரியல. சொல்லிப் பாக்கறேன்."

"சொல்லிட்டா மாத்த முடியாது."

"தெரியும்."

"என்னால அந்த வளைவுல ஓட்ட முடியாது மனாசே."

"நான் முன்னாடி நடக்கறேன். நீ என் முதுகைப் பாத்து ஓட்டு."

சக்கரத்துக்குக் காற்றடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கைப்பம்பை மாற்றி மாற்றி அடித்தார்கள். பேட்டரி செத்திருந்தது. பெண்கள் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ள வந்தார்கள்.

"பதினோரு மாசம் கோழி முட்டை வச்ச வண்டி. ஓடுமாடி இது?"

"தள்ளுடி. பேச்சுக்கு மட்டும் பலம் இருக்குது."

"வாத்தியார் தள்றாரா, இல்ல சாஞ்சு நிக்கறாரா?"

நாலாவது தடவை வண்டி உறுமியது. ஒரு கோழி அடியிலிருந்து பறந்து வந்தது. ஓம்பேனி இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கினால் மறுபடி ஏற மாட்டோமோ என்று பயந்தவன்போல. கட்டுகளை அடுக்கும்போது மட்டும் வந்தான். பத்துக் கட்டு ஏற்றியதும் கையைக் காட்டினான்.

"போதும்."

"இன்னும் அஞ்சு பிடிக்கும்டா," என்றாள் ஒருத்தி. "முன்னெல்லாம் இருபது ஏத்துவே."

"போதும்க்கா. மிச்சத்துக்குத் திரும்ப வரேன்."

அவள் மனாசேயைப் பார்த்தாள். அவள் கட்டைக் கீழே வைத்தாள். ஓம்பேனி கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கட்டுகளின் மேல் ஏறவும் ஒருவரும் முன்வரவில்லை. வயதானவர்கள் இருவர் முன்னால் உட்கார்ந்தார்கள். மனாசே பின்பலகையில் கால் வைத்துத் தொற்றிக்கொண்டான். மற்றவர்கள் நடந்து வருவதாகச் சொன்னார்கள். தலையில் சுமை இல்லாமல் அந்த மேட்டில் நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று சிஃபா கைகளை வீசிப் பார்த்தாள்.

தார்ச்சாலை வரை வண்டி சரியாக வந்தது. மேடு தொடங்கியதும் மெதுவாயிற்று. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் மெதுவாயிற்று. அத்தி மரங்கள் தெரிந்ததும் நின்றுவிட்டது. இன்ஜின் மட்டும் ஓடியது.

மனாசே இறங்கி முன்னால் வந்தான். கண்ணாடிக்குள் ஓம்பேனியின் முகம் இறுகி, வியர்வையில் பளபளத்தது. பாதையின் உள்பக்கமாக, மலையை ஒட்டி நடக்கத் தொடங்கினான். பத்தடி போனான். பின்னால் சத்தம் மாறவில்லை. திரும்பிப் பார்க்க நினைத்தான். பார்த்தால் வண்டி நகராது என்று தோன்றியது. நடந்துகொண்டே இருந்தான்.

கியர் விழும் சத்தம் கேட்டது. சக்கரத்தில் சரளைக் கற்கள் நொறுங்கின.

வளைவின் நடுவில் பாதை பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. மனாசே அங்கே இன்னும் மெதுவாக நடந்தான். பின்னால் இன்ஜினின் சூடு முதுகில் பட்டது. கூரையைத் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காது ஒரு கணம் தேடியது. பிறகு பாதை நேராயிற்று.

வளைவுக்கு அந்தப் பக்கம், பாதையோரக் கல்லில் ஓம்பேனியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டதென்று அவன் பதிலைத் தேடி இறங்கி வந்திருக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து நின்றாள். முதலில் மனாசேயைப் பார்த்தாள். அப்புறம் அவனுக்குப் பின்னால். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

மனாசே அவள் முன்னால் நின்றான். வண்டியும் நின்றது.

"வாங்கிட்டேன்," என்றான்.

சொன்னபின் தனக்குள் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தான். கால் வலித்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சொல்லியாயிற்று.

அவள் தலையை ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அப்படிச் சொல்வது வழக்கமில்லை. மகனிடமும் போகவில்லை. கண்ணாடி வழியாக அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனாசேக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"நீ வண்டில ஏறிக்கோ தம்பி. வளைவுதான் போயிடுச்சே."

"நீங்க ஏறுங்க. இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கீங்க."

"நான் ஏறினா அவன் அழுவான். அழுதா ஓட்ட மாட்டான். நடக்கறேன்."

"அப்ப நானும் நடக்கறேன்."

இருவரும் நடந்தார்கள். பின்னால் வண்டி முதல் கியரிலேயே வந்தது. வளைவுக்குக் கீழே இருந்து நடந்து வரும் பெண்களின் பேச்சு காற்றில் ஏறி வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. உஷாரிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. முன் சீட்டிலிருந்து ஒருத்தி தலையை நீட்டினாள்.

"ஊர்வலமா போறீங்க? பால் கறக்கற நேரம் ஆச்சு, மாடெல்லாம் கத்திக்கிட்டிருக்கும். கொஞ்சம் எட்டி வைங்க."

இருவரும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.